தள்ளிப் பார்க்காத கை

கண்ணாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒருவன் தொங்கிக்கொண்டு துடைத்தால், தெருவில் போகிற அத்தனை பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். சிலர் செல்போனில் படம் எடுப்பார்கள். அவன் முதுகிலிருந்து மேலே போகிற கயிறு எங்கே போய் முடிகிறது என்று யாரும் கேட்டதில்லை. அது மொட்டைமாடியில் ஒரு பெண்ணின் வலது கையில் முடிகிறது.

நாற்பதைத் தாண்டியவள். குட்டை. தோள் அகலம். வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டு, கையில் தோலுறை. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு நங்கூரம் என்று பெயர் வைத்து எத்தனையோ வருடம் ஆகிறது. தண்ணீர் லாரி ஓட்டுகிற அவள் கணவர்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

கயிற்றின் மறுமுனையில் தொங்குகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. சுவரோடு ஒட்டிக்கொள்கிற லட்சணத்தைப் பார்த்து அவனுக்குப் பல்லி என்று பெயர். கும்பலில் இன்னும் இரண்டு பேர். மேலே எல்லாவற்றையும் கவனிக்க மேஸ்திரி. கீழே தெருவில் தடுப்பு வைத்து, வழியில் வருகிறவர்களை விரட்ட சைரன். அவனுக்கு ஒரு விசில் கொடுத்திருந்தார்கள். தொண்டை இருக்கும்போது இது எதற்கு என்று அவன் அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டான்.

வேலை நடப்பது இரண்டு கயிற்றில். ஒன்று பல்லி உட்காரும் பலகையைத் தாங்குகிற கயிறு. அதை அவனே தளர்த்தித் தளர்த்தி இறங்குவான். இன்னொன்றுக்கு உயிர்க்கயிறு என்று பெயர். அது அவன் முதுகுப்பட்டையிலிருந்து மேலேறி, மாடியில் ஊன்றிய இரும்புக் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி நங்கூரத்தின் கைக்கு வரும். அவன் இறங்க இறங்க அவள் விட்டுக்கொடுப்பாள். பலகைக் கயிற்றுக்கு ஏதாவது ஆனால் அவள் பூட்ட வேண்டும். பூட்டுவது என்றால், கயிற்றின் வாலை வெடுக்கென்று பின்னால் இழுத்து, மணிக்கட்டை மடக்கி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பக்கத்திலுள்ள மரக்கட்டையில் வைத்து அழுத்துவது. யோசிக்க நேரம் கிடையாது. கைதான் யோசிக்க வேண்டும்.

பல்லி கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் காலைத் தொங்கப் போட்டதும், திரும்பிப் பார்க்காமல் கேட்பான்: "பூட்டா?"

அவள் ஒருமுறை பூட்டிப் பார்த்துவிட்டு, "பூட்டு" என்பாள்.

அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் அவன் உடம்பைக் கயிற்றுக்குக் கொடுப்பான். பதில் வராவிட்டால் இறங்குவதில்லை. இது மேஸ்திரி போட்ட சட்டம் இல்லை, அவருக்கு முந்தியே இருந்தது. வீட்டில் அக்காவும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த நாட்களில்கூட மாடியில் அந்தக் கேள்வியும் பதிலும் நின்றதில்லை.

ஒரு நாள் அவள் விழுந்தாள். விழுந்தது மாடியிலிருந்து இல்லை. அதுதான் கேலிக்கு வசதியாகப் போயிற்று. ஒரு அலுவலகத்தின் பின்பக்கப் படிக்கட்டில், தரையைத் தொட இன்னும் இரண்டு மூன்று படிதான் பாக்கி. படியில் கிடந்தது அவர்களே காலையில் கொட்டிய சோப்புத் தண்ணீர். தோளில் கயிற்றுச் சுருள். கால் வழுக்கியது, வலது கையை நீட்டி ஊன்றினாள், மொத்த உடம்பும் அந்த உள்ளங்கையில் வந்து இறங்கியது. எழுந்து முதலில் கயிற்றைத்தான் பார்த்தாள். கயிறு நனையவில்லை.

"வானத்துல நிக்கிற பொம்பளை வாசப்படியில விழுந்துருச்சு," என்று சைரன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

மணிக்கட்டு வீங்கியது. மேஸ்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அன்றைக்கு அங்கே கூட்டம் நெருக்கித் தள்ளியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். தூக்கமில்லாத கண்களோடு ஒரு இளம் டாக்டர் படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு உடையவில்லை, சுளுக்குதான் என்றார். இறுக்கித் துணிக்கட்டு போடச் சொன்னார். கட்டைவிரல் பக்கம் வலி விடாமல் இருந்தால் இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார், இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

உடையவில்லை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் காதுக்குள் போயிற்று. போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

வீக்கம் சீக்கிரமே வற்றியது. வேலைக்குத் திரும்பிய அன்று அவளுக்கு வாளி பார்த்தார்கள். காயம் பட்டோ காய்ச்சல் வந்தோ படுத்து எழுந்தவர்களைக் கயிற்றைத் தொடவிடும் முன் செய்கிற சோதனை அது. ஒரு வாளி நிறையத் தண்ணீர். அதை அடிபட்ட கையால் தூக்கி, கை நேராகத் தொங்க, மேஸ்திரி ஒரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். அவர் டீயை ஊதி ஊதிக் குடிக்கிற ஆள். அன்றைக்கு வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் ஊதினார்.

நங்கூரம் அசையவில்லை. தண்ணீர்கூடத் தளும்பவில்லை. வலி இருந்தது என்று சொன்னால் பொய். ஏதோ ஒரு மூலையில் முனகியது, அவ்வளவுதான்.

"இன்னொரு டீ சொல்லவா மேஸ்திரி?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கயிறு அவள் கைக்குத் திரும்பி வந்தது.

முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு சர்க்கரை பாட்டில். பல்லியின் மனைவி ரொட்டிக் கடையில் வேலை செய்கிறவள். வேலை முடிந்து போகிற வழியில் நாத்தனார் வீட்டில் தலைகாட்டிவிட்டுப் போவாள். அன்றைக்கு டீ போட நங்கூரம் பாட்டிலை எடுத்தாள். மூடி திறக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்தித் திருகியதும் விரலின் அடியில், மணிக்கட்டோடு சேர்கிற அந்தக் குழியில், யாரோ ஆணி வைத்த மாதிரி இருந்தது. தம்பி பொண்டாட்டி பாட்டிலை வாங்கி இரண்டு விரலால் திறந்தாள்.

"ஆளையே கயித்துல புடிக்கிறீங்க அண்ணி, ஒரு மூடிக்கு இந்தப் பாடா? உங்க கையை நம்பித்தான் நான் ரொட்டிக் கடையில நிம்மதியா நிக்கிறேன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். நங்கூரம் வாய்க்குக் கொண்டுபோன டீயைக் கீழே வைத்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. தரையில் உட்கார்ந்து எழும்போது கையை ஊன்றினால் கை மடங்கியது. பூட்டைச் சாவியால் திருப்ப இடது கை வந்தது. துணி பிழிவதைக் கணவரிடம் தள்ளிவிட்டாள். அவர் தனக்கு வயதாகிவிட்டதை அவள் மறந்துவிட்டாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டு பிழிந்தார். மாடிக்குப் போகிற கனமான இரும்புக் கதவை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டிருந்தவள் தோளால் இடித்துத் திறக்க ஆரம்பித்தாள். இதையெல்லாம் சேர்த்து வைத்து அவள் யோசிக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறைப்பதிலேயே நேரம் போயிற்று.

மாடியில் மறைப்பது இன்னும் கஷ்டம். குழாயில் கயிற்றை ஒரு சுற்றுக்குப் பதிலாக இரண்டு சுற்றுச் சுற்றினாள். உராய்வு கூடினால் கைக்கு வேலை குறையும். ஆனால் கயிறு தாராளமாக ஓடாது. கீழேயிருந்து பல்லி கத்தினான், கயிறு என்ன சண்டி மாடு மாதிரி நிக்குது என்று. கயிறு பழசாகிவிட்டது என்று பதில் கத்தினாள். கயிறு போன மாதம்தான் வாங்கியது.

பயம் எப்போது வந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு காலை பார்த்தால் வந்து உட்கார்ந்திருந்தது. முடிச்சைப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தாள், திரும்பவும் போய்ப் பார்த்தாள். பல்லி காலைத் தொங்கப் போடுகிற நேரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உறைக்குள் விரல்கள் நனைந்தன. எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் தம்பியின் பிம்பம் தலைகீழாகத் தெரிகிற மாதிரி ஒருமுறை தோன்றியது, கண்ணைக் கசக்கிப் பார்த்தால் நேராகத்தான் இருந்தான்.

படம் எலும்பு சரி என்றது. வாளி கை சரி என்றது. இரண்டும் சரியென்றால் மிச்சம் இருப்பது எது? மனசு. அவள் அந்த முடிவுக்குத்தான் வந்தாள். கயிற்று வேலையில் அதைவிடக் கேவலமான நோய் கிடையாது.

அவர்களுக்கு அதில் ஒரு உதாரணமும் இருந்தது. முன்பு கும்பலில் ஒட்டகம் என்று ஒருவன் இருந்தான். நெட்டையன், பல்லியைவிடத் துணிச்சல்காரன். ஒரு நாள் மாடியில் திடீரென்று உட்கார்ந்தவன் தண்ணீர்த் தொட்டியின் குழாயைக் கட்டிக்கொண்டான். விடவே இல்லை. மேஸ்திரியும் சைரனும் விரல் விரலாகப் பிரித்துக் கீழே கொண்டுவந்தார்கள். இப்போது ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறான். அவர்கள் அங்கே வேலைக்குப் போகும்போது பொத்தானைப் பார்த்துக்கொண்டே அழைத்துப் போவான். முகத்தைப் பார்க்க மாட்டான்.

மேஸ்திரியிடம் போய் எனக்குப் பயம் பிடித்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் அன்றோடு மாடி போய்விடும். அதைக்கூடத் தாங்கலாம். உயிர்க்கயிறு யார் கைக்குப் போகும்? சைரன் கைக்கா? ஒரு நிமிடம் ஒரே இடத்தைப் பார்க்கத் தெரியாதவன் அவன். தன் கையில் இருந்தால் பயம், வேறொருவர் கையில் இருப்பதை நினைத்தால் அதைவிடப் பயம். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மூடிய வாயோடு நின்ற ஒரு நாளில்தான் அது நடந்தது. ஒரு ஜன்னலுக்கு மேல் சிமென்ட் விளிம்பு துருத்திக்கொண்டிருந்தது. பல்லி அதில் ஏறி நின்று துடைத்தான். நிற்கும்போது பலகைக் கயிறு தொய்ந்தது. அதை இறுக்க மறந்து காலை எடுத்தான். ஒரு கணம் அவன் எடை முழுக்க உயிர்க்கயிற்றுக்கு வந்தது.

அவள் பூட்டினாள். அதாவது, பூட்டச் சொல்லிக் கைக்கு உத்தரவு போயிற்று. வால் பின்னால் வந்தது, மணிக்கட்டு மடங்கியது, உள்ளங்கை கட்டையில் பட்டு அழுத்தியது. அந்த ஆணி எலும்பு வரைக்கும் இறங்கியது. விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. கயிறு உறைக்குள் சரசரவென்று ஓடியது.

இடது கையால் பாய்ந்து பிடித்தாள். குழாயில் இரண்டாவது சுற்று இருந்ததால் ஓடியது ஒரு முழம்தான். அதற்குள் பலகைக் கயிறும் இறுகிவிட்டது.

மேலே வந்ததும் பல்லி உற்சாகமாக இருந்தான். "என்னக்கா, ஊஞ்சல் ஆட்டிவிட்டியா? தம்பி மேல திடீர்னு பாசம் பொங்கிருச்சோ?"

அவள் சிரித்தாள். பல் மட்டும் சிரித்தது. உறையைக் கழற்றாமலே வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வேலை ஒட்டகத்தின் கட்டடத்தில்.

சாமான்களை முதல் நடையில் மற்றவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். கயிற்றுச் சுருளோடு அவள் கடைசியாக ஏறினாள். லிஃப்டில் இரண்டே பேர். ஒட்டகம் வழக்கம்போலப் பொத்தானைப் பார்த்தபடி நின்றான். கதவு மூடியது. இதுவரை அவனிடம் யாரும் கேட்காததை அவள் கேட்டாள்.

"உனக்கு எப்படிப்பா ஆரம்பிச்சுது?"

அவன் பொத்தானை விரலால் ஒருமுறை துடைத்தான். பிறகு, "கால்லதான். முழங்கால் ரெண்டும் என்னுது இல்லைங்கிற மாதிரி ஆயிருச்சு," என்றான். "ஏன்க்கா கேக்குற?"

"எனக்குக் கையில."

இப்போது அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். என்ன செய்கிறது என்று கேட்டான். அவள் சொல்ல ஆரம்பித்தாள். மூடி, சாவி, எழுந்திருப்பது, கட்டைவிரல் அடியில் அந்த ஆணி. கயிறு ஓடியதை மட்டும் சொல்லவில்லை.

"வலிக்குதா?"

"உயிர் போகுது."

"எனக்கு வலிக்கலையே," என்றான் ஒட்டகம். அவன் குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. "வேர்த்துச்சு, நடுங்குச்சு, வாந்தி வந்துச்சு. ஒரு நாளும் வலிக்கலை. பயம் வலிக்காதுக்கா. வலிச்சா அது வேற என்னமோ."

லிஃப்ட் நின்றது. அவன் மறுபடி பொத்தானுக்குத் திரும்பிக்கொண்டான்.

மொட்டைமாடிக்கு இன்னும் அரை மாடி படி ஏற வேண்டும். மேலே இரும்புக் கதவு. அவள் தோள் தானாக முன்னால் வந்தது. அதை நிறுத்தினாள். சுருளைக் கீழே வைத்தாள். வலது உள்ளங்கையைக் கதவில் பதித்து, முன்பெல்லாம் தள்ளுகிற மாதிரி தள்ளினாள். கதவு அசையவில்லை. கைதான் அசைந்தது. அழுத்தம் ஏறியதும் மணிக்கட்டு, ஈரமான அட்டைப்பெட்டி மாதிரி, உள்ளே போயிற்று.

நெற்றியைக் கதவில் சாய்த்து மூச்சு வாங்கினாள். இது மனசு இல்லை. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இந்தக் கையோடுதான் அத்தனை நாளும் தம்பியைப் பிடித்திருந்தோம் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் தயாராக இருந்தது. மேஸ்திரி குழாயை உலுக்கிப் பார்த்துவிட்டார். பல்லி பட்டையை மாட்டிக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தான். சுருளை வாங்கினார்கள், சுற்றினார்கள், வால் அவள் கைக்கு வந்தது. சொல்ல வாய் திறந்தபோதெல்லாம் யாராவது ஏதாவது கேட்டார்கள். பழக்கம் அவளைப் பிடித்துக் கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தியது. பல்லி கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து, காலை அந்தப் பக்கம் போட்டான். அவன் செருப்புக்குக் கீழே தெரு. தெருவில் சைரன் ஒரு புள்ளி.

"பூட்டா?"

அவள் வாய் அந்தச் சொல்லைச் சொல்வதற்குக் குவிந்தது. உதடு குவிந்தபடியே நின்றது.

காற்று அடித்தது. பல்லி காத்திருந்தான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது. வியர்வையில் சட்டை ஒட்டிய முதுகு, நடுவில் கொக்கி. முன்னால் சாய ஒரு அங்குலம்தான் பாக்கி.

"அக்கா, பூட்டா?"

இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவன் சுவரின் மேலிருந்து திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன கண்டானோ, ஒரு காலை உள்ளே எடுத்தான், பிறகு இன்னொரு காலை. இரண்டு பாதமும் மாடித் தரையில் பட்ட பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"என் கை பூட்டாது."

மேஸ்திரிக்கு விளங்கவில்லை. காற்றா, கட்டை சரியில்லையா என்று கேட்டார். அதான் வாளி பார்த்தோமே என்றார். இப்பவும் பாருங்க என்று அவளே போய்த் துடைக்கிற தண்ணீர் வாளியைத் தூக்கி, கை நேராகத் தொங்க நின்றாள். தண்ணீர் தளும்பவில்லை. மேஸ்திரியின் பார்வை மாறியது. ஒட்டகத்தை ஒருநாள் பார்த்த பார்வை அது. அவளுக்கு அது தெரிந்தது.

வாளியை வைத்துவிட்டுச் சுவருக்குப் போனாள். நின்றுபோன வண்டியைத் தள்ளுகிற மாதிரி இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி உடம்பைக் கொடுத்தாள். இடது கை விறைப்பாக நின்றது. வலது கை மடிந்து தோள் போய்ச் சுவரில் இடித்தது. அவள் கத்தவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாகிவிட்டது. சந்தேகத்துக்கு இன்னொருமுறை காட்டப் போனவளை மேஸ்திரி பிடித்துக்கொண்டார்.

"வாளியை இழுத்துத்தானே பாத்தீங்க," என்றாள். "பூட்டுறது தள்ளுறது மேஸ்திரி."

கயிற்றுக்காரர்களுக்குக் கை என்றால் இழுக்கிற சாமான். தள்ளிப் பார்க்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பல்லி இவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்தான். முதுகுக் கொக்கியைக் கழற்றக் கையைப் பின்னால் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். முழம் கயிறு ஓடிய நாள் அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு ஊஞ்சல்..."

"ஆமா."

"இந்தக் கையோடதான் இத்தனை நாளா என்னைப் புடிச்சிருந்தியாக்கா?"

அவன் சுவரோரத்திலிருந்து விலகி மாடியின் நடுவுக்குப் போனான். அங்கே தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டான். சுவரில் ஒட்டுகிறவன் அன்றைக்குத் தரையில் ஒட்டினான்.

ஆஸ்பத்திரியில் இந்தமுறை வேறு டாக்டர். ஜலதோஷம் பிடித்த ஒரு நடுவயது அம்மாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே, கட்டைவிரலை மேலே தூக்கு என்றார். தூக்கினாள். விரலின் அடியில் இரண்டு நரம்பு புடைத்து, நடுவில் ஒரு சின்னக் குழி விழுந்தது. டாக்டர் அந்தக் குழியில் ஒரே ஒரு விரலை வைத்து அழுத்தினார். நங்கூரம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். பிறகு கட்டைவிரலைப் பிடித்து மணிக்கட்டை நோக்கிக் கொஞ்சமாகத் தள்ளினார். அதற்கும் அதே ஆணி.

கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து வைத்துப் புதுப் படம் எடுத்தார்கள். அதில் யார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஒரு கோடு இருந்தது. முந்திரிப்பருப்பு அளவுக்கு ஒரு எலும்பு, நடுவில் இரண்டாக.

"இழுக்கும்போது எலும்புங்க ஒண்ணை விட்டு ஒண்ணு விலகும், வலி தெரியாது. தள்ளும்போதுதான் இதுமேல வந்து மோதும்," என்றார் டாக்டர்.

அப்போ முதல் படம் பொய் சொன்னதா என்று பல்லி கேட்டான். அவன் குரல் சண்டைக்குப் போகிற குரல். டாக்டர் தும்மிவிட்டுச் சொன்னார்: "பொய் சொல்லலைப்பா. அன்னைக்கு அதுல தெரிஞ்சிருக்காது. விரிசல் தலைமுடி மாதிரி இருந்திருக்கும். நாள் போகப் போகத்தான் படத்துல வரும். அதனாலதான் இந்த இடத்துல வலி இருந்தா, படம் நல்லா இருந்தாலும் கட்டுப் போட்டு வச்சு, ரெண்டு வாரத்துல திரும்பப் பாப்போம்." அவர் நங்கூரத்திடம் திரும்பினார். "திரும்ப வரச் சொல்லலையா?"

காதுக்குள் உட்கார்ந்திருந்த அந்த வாக்கியம் இப்போதுதான் எழுந்து நின்றது. சொன்னாரு, என்றாள்.

சீக்கிரம் வந்திருந்தால் பெரும்பாலும் மாவுக்கட்டே போதுமாக இருந்திருக்கும். இப்போது எலும்பின் ஒரு துண்டுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்பதே சந்தேகம். வேறு இடத்திலிருந்து எலும்பு எடுத்து வைத்து, திருகு போட்டு இறுக்க வேண்டும். சேரலாம், சேராமலும் போகலாம். சேர்ந்தாலும் பழைய கை வரும் என்று எழுதித் தர முடியாது என்றார் டாக்டர். அந்த எலும்புக்குப் படகெலும்பு என்று பெயராம். சைரனுக்கு அது போதும். நங்கூரத்துக்குள்ளேயே படகு உடைஞ்சு கிடந்திருக்கு, யாருக்கும் தெரியலை பாரு என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் அழுதாள். அவன் அதன் பிறகு ரொம்ப நேரம் சத்தமில்லாமல் இருந்தான், அவனுக்கு அது ஒரு சாதனை.

திருகு போட்டார்கள். கட்டோடு அவள் வீட்டில் இருந்த நாட்களில் பல்லியும் வேலைக்குப் போகவில்லை. வேறு யாரிடமும் முதுகைக் கொடுக்க மாட்டேன் என்றான். பிறகு போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. மேஸ்திரியே உயிர்க்கயிற்றைப் பிடிக்க முன்வந்தார். ஒரு காலத்தில் அவர் பிடித்தவர்தான்.

அந்த முதல் நாள் நங்கூரமும் கிளம்பினாள். மாடிக்கு வராதே என்று பல்லி சொல்லிவிட்டான், நீ நின்னா நான் உன்னையே பார்ப்பேன் என்று. தெருவில், சைரனுக்குப் பக்கத்தில், தடுப்புக்கு வெளியே நின்றாள். கட்டுப் போட்ட கை கழுத்தில் தூளியில் தொங்கியது.

மேலே நடந்ததைச் சைரன் தெரிந்துகொண்டு வந்திருந்தான். பல்லி மேஸ்திரிக்கு வாளி பார்த்தானாம். பிறகு சுவரைத் தள்ளச் சொன்னானாம், வலது கையால் தனியாக, இடது கையால் தனியாக. மேஸ்திரி முறைத்துக்கொண்டே தள்ளினாராம். "டீ மட்டும் பல்லி குடிச்சிருக்கான்க்கா, ஊதி ஊதி."

அவள் அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. கட்டடம் இவ்வளவு உயரமா? விளிம்பில் ஒரு தலை தெரிந்தது, மறைந்தது. மாடியில் நிற்கும்போது கையில் கயிறு இருக்கும். கயிற்றில் தம்பி இருக்கிறானா, நகர்கிறானா, நிற்கிறானா என்று உள்ளங்கைக்குத் தெரியும். இங்கே கையில் ஒன்றும் இல்லை. இடது கை தன்னையறியாமல் தடுப்புக் கயிற்றைப் பிடித்து இறுக்கியது. சைரன் பார்த்தான், தெருப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. மேலே இரண்டு கால் தொங்கின. அவ்வளவு சின்னக் கால்கள். அவை அசையாமல் தொங்கின. இப்போது அவன் கேட்டிருப்பான். தெருச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மேஸ்திரி பதில் சொன்னாரா? சத்தமாகச் சொன்னாரா? காற்றில் தம்பிக்கு வேறு மாதிரிக் கேட்டிருந்தால்?

"சும்மா இருக்கியே, மேல கேட்டுச் சொல்லுடா," என்றாள் சைரனிடம்.

சைரன் தலையைத் தூக்கி, விசில் தேவைப்படாத அந்தத் தொண்டையைத் திறந்தான். "பூட்டா?"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மேலே விளிம்பில் மேஸ்திரியின் தலை வந்தது. அவர் வாய் அசைந்தது, ஆனால் எதுவும் கீழே வந்து சேரவில்லை. பல்லி குனிந்து தெருவைப் பார்த்தான். கட்டுப் போட்ட கையைக் கண்டுபிடித்திருப்பான். பிறகு அந்த இரண்டு கால்களும் சுவரை உதைத்தன, அவன் உடம்பு முழுக்கக் கயிற்றுக்கு வந்தது.

கயிறு தாங்கி நின்றது.

அவள் மூச்சை விட்டாள், உடனே அடுத்ததைப் பிடித்துக்கொண்டாள். அவன் கீழே வந்து சேர இன்னும் எத்தனையோ ஜன்னல் இருந்தது.